பல்லுக்காக நிறுத்திய குளிசை

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகிறது. நடக்கிறாள், பேசுகிறாள், தானே சோறு பிசைந்து சாப்பிடுகிறாள். தேயிலைக் கொழுந்து மட்டும் பறிக்க முடியவில்லை; வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. அது ஏன் வந்தது என்று எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு கதை நடமாடுகிறது. பல் பிடுங்கியதால் வந்ததாம். அது பிழை. நடந்ததை நடந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். இதய வருத்தம், அதாவது இதய நோய், உள்ள ஒருவர் உங்கள் வீட்டில் இருந்து, அவருக்குப் பல் வலியும் வந்தால், நான் செய்ததை நீங்கள் செய்யாமலிருக்க இது உதவட்டும்.

நான் பதுளையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த வேலை. கிழமை நாட்களில் பெண்கள் போர்டிங்கில் இருப்பேன். சனிக்கிழமை மதியம் பசறை பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஓட்டோவில் தோட்டத்துக்கு ஏறுவேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும்தான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் ரோலர் பக்கம். அம்மா மேல் டிவிஷனில் கொழுந்து பறித்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. கூடை கனம் என்றாள். பிறகு கூடை இல்லாமலும் வாங்கியது. பதுளை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். கோடுகள் ஒழுங்கில்லாமல் ஓடின. துடிப்புகளுக்கு நடுவே ஒரு இடைவெளி போல் இன்னொன்று இல்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் வருத்தம் அது. கிளினிக் டொக்டர் விளக்கியபோது அப்பா குறுக்கே கேட்டார்.

“ரோலர் பெல்ட்டு நழுவுனா மோட்டர் ஓடும், மேல உள்ளது தள்ளாடும். அந்த மாதிரிங்களா ஐயா?”

“கிட்டத்தட்ட அதேதான்” என்றார் டொக்டர். “ஆனால் ஆபத்து தள்ளாட்டத்தில் இல்லை. ரத்தம் அங்கே தேங்கும். தேங்கினால் கட்டியாகும். அந்தக் கட்டி ஒரு நாள் கிளம்பி மூளைக்குப் போகலாம்.”

அதைத் தடுப்பதற்கு வாஃபரின் என்ற குளிசை. ரத்தம் லேசில் உறையாமல் பார்த்துக்கொள்ளும். கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டி வரும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாதத்துக்கு ஒருமுறை ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனை. அம்மாவுக்கு அந்த எண் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருடம் அம்மா இதைத் தானே பார்த்துக்கொண்டாள். பெயர் தெரியாது, நிறம் தெரியும். பின்னேரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, கை கழுவி, நீலக் குளிசை ஒன்று. ஒரு நாள் தவறியதில்லை. எனக்குத்தான் அது ஒழுங்கீனமாகத் தெரிந்தது. பிரஷர் குளிசை ஒரு டப்பாவில், நீலம் ஒரு டப்பாவில், மற்றது சாமிப்படத்துக்குப் பின்னால். ஏழு நாளைக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை பதுளையில் வாங்கினேன். அலுவலகக் கணினியில் ஒரு தாள் தயாரித்தேன்: குளிசையின் பெயர், நிறம், நேரம், எதற்கு. வலது கீழ் மூலையில், எங்கள் வரைபடங்களில் போடுவது போல, ‘திருத்தம் A’ என்று போட்டேன்.

அப்பா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “வூட்டு பிளான் மாதிரியே இருக்கே. கக்கூஸ் எந்தப் பக்கம் வருது?”

அம்மா சிரிக்கவில்லை. தாளைத் தடவிப் பார்த்து, “எம் புள்ள எனக்காக எழுதுனது” என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பெட்டியை நிரப்புவது என் வேலையானது. என்ன குளிசை எந்த அறையில் என்று அவள் பார்ப்பதை விட்டாள்.

பல் வலி வந்தது மழை விட்ட மாதம். கொழுந்து தளதளவென்று எழும்பியிருந்தது. ஒரு நாள் முழுச் சம்பளத்தை எங்கள் பக்கம் ‘பேர்’ என்பார்கள். சொன்ன கிலோ பறித்தால்தான் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அந்த மாதம் வேலைக்குப் போகாமலிருக்க எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. அம்மா இடது கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டு பதினொரு நாள் மலை ஏறினாள். பன்னிரண்டாம் நாள் கன்னம் வீங்கி, கண் பாதி மூடிக்கொண்டது. நான் லீவு போட்டு அவளைப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த சிங்களப் பெண். எல்லோரும் பல் டொக்டர் மிஸ் என்பார்கள். அவர் அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால், மருந்தும் பரிசோதனை எண்ணும் எழுதும் கிளினிக் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் போகவில்லை.

மரத்துப்போகப் போடும் ஊசியில் இதயத்தை வேகமாக ஓட வைக்கும் மருந்து கொஞ்சம் கலந்திருக்கும். அம்மாவுக்கு அதைக் குறைத்து, மெதுவாகப் போட வேண்டும். பல் பிடுங்குவதற்கு முந்தின நாள் எடுத்த ஐஎன்ஆர் முடிவு வேண்டும். அது நாலுக்குக் கீழே இருக்க வேண்டும். வாஃபரினை நீங்களாக நிறுத்தக் கூடாது.

“ரத்தம் நிற்காமல் போனால்?” என்று கேட்டேன்.

“பல்லிலிருந்து ரத்தம் கசிந்தால் நான் தைத்து, பஞ்சு வைத்து நிறுத்திவிடுவேன்” என்றார். “மூளைக்குப் போகிற கட்டியை என்னால் நிறுத்த முடியாது.”

அந்த வாக்கியத்தை அப்படியே என் போனில் குறித்துக்கொண்டேன். இன்னும் இருக்கிறது.

பரிசோதனையில் நாலு தசம் மூன்று வந்தது. வலிக்காக அவள் விழுங்கிய ஏதோ குளிசையும், சரியாகச் சாப்பிடாததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். மிஸ் அன்றைக்குப் பிடுங்க மறுத்துவிட்டார். வீக்கத்துக்கு மருந்து தந்து, அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார். இதயக் கிளினிக்கில் இரண்டு நாளைக்கு அளவைக் குறைத்துப் போடச் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவுக்கும் முனகினாள். “அடுத்த வாட்டியும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னா, நானே நூலக் கட்டி இழுத்துப்புடுவேன்” என்றாள்.

அடுத்த முறை திருப்பி அனுப்பப்படக் கூடாது என்று நான் அந்த பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். இரண்டு நாள் குறைத்தால் எண் கொஞ்சம் இறங்கும். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நாள் முழுதாக நிறுத்தினால் கட்டாயம் இறங்கும். எங்கள் வேலையில் சந்தேகம் இருந்தால் கம்பியின் தடிப்பைக் கூட்டுவோம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதே புத்தியை அம்மாவின் ரத்தத்தில் காட்டினேன். அந்த வியாழக்கிழமை ஒரு நாள் லீவில் வீட்டுக்கு வந்து, பெட்டியிலிருந்த நீலக் குளிசைகளை எடுத்துவிட்டேன். தாளிலிருந்து வாஃபரின் வரியை நீக்கி, ‘திருத்தம் B’ என்று போட்டு, பழைய தாளைக் கிழித்தேன்.

“நீலம் வேணாமா?” என்றாள் அம்மா.

“பல்லுக்காக நிப்பாட்டியிருக்கேன். நான் சொல்ற வரைக்கும் தொடாத.”

“டொக்டரு சொன்னாரா?”

“நான் சொல்றேன்லம்மா.”

“நீ சொன்னா சரி புள்ள.”

செவ்வாய்க்கிழமைக்கு ஐஎன்ஆர் ஒன்று தசம் மூன்று. பல் டொக்டர் மிஸ் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நிறுத்தினீர்களா?”

“இல்லை மிஸ். கிளினிக்கில் குறைத்தார்கள்.”

குறைத்தது உண்மை. அதனால் அது பொய் மாதிரி என் வாயில் உறுத்தவில்லை. “இது மிகக் குறைவு. இன்றைக்கு இரவிலிருந்தே வழக்கமான அளவைப் போட வேண்டும். ஒரு கிழமையில் மறுபடி பரிசோதிக்க வேண்டும்” என்றார். தலையாட்டினேன். ஊசியை மிக மெதுவாகப் போட்டார். நடுநடுவே நிறுத்தி அம்மாவின் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தார். பல் இரண்டு துண்டாக வந்தது. இரண்டு தையல். அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, பஞ்சை எடுத்துப் பார்த்து, பிறகுதான் விட்டார். இதைவிடக் கவனமாக ஒருவர் பல் பிடுங்க முடியாது.

அம்மாவைப் பசறையில் ஓட்டோ ஏற்றிவிட்டு நான் பதுளைக்குத் திரும்பினேன். பின்னேரம் போன் பண்ணி நீலக் குளிசையைத் தொடங்கச் சொல்ல வேண்டும் என்பது நினைவிலிருந்தது. எல்ல நகரில் கட்டும் ஒரு ஹோட்டலின் வரைபடத்தை அன்றே மாற்றிக் கேட்டார்கள். ஆறு மணிக்கு அப்பாவே கூப்பிட்டார். “ரத்தம் நின்னிருச்சு புள்ள. கஞ்சி குடிச்சிட்டு நல்லாத் தூங்குறா.” எனக்கு அப்படியொரு நிம்மதி. காரியம் முடிந்துவிட்டது என்று மனது கோடு போட்டுவிட்டது. போனை வைத்துவிட்டு வரைபடத்துக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளைப் பார்த்துப் பெட்டியை நிரப்பினேன். எங்கள் அலுவலகத்தில் மாறாத விதி ஒன்று உண்டு: கடைசித் திருத்தம்தான் செல்லும். பழையதைப் பார்த்து வேலை செய்தால் சுவர் மாறிவிடும். கடைசித் திருத்தத்தில் என்ன இருந்ததோ அதை நிரப்பினேன். ஒரு கிழமையில் எடுக்கச் சொன்ன பரிசோதனையும் நினைவுக்கு வரவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னையும் பெட்டியையும் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பெரட்டில் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடி நின்று பெயர் கொடுக்கும் இடம். “செல்வராணி!” என்று கணக்கப்பிள்ளை இரண்டு தடவை கூப்பிட்டார். அம்மா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பக்கத்தில் நின்ற புஷ்பம் அக்கா முதலில் சிரித்துவிட்டார். “பல்லோட சேத்து நாக்கையும் புடுங்கிட்டாங்களாக்கும்!” பலரும் சிரித்தார்கள். பிறகு அம்மாவின் வலது கையிலிருந்து சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததைப் பார்த்ததும் புஷ்பம் அக்காதான் ஓடிப்போய்ப் பிடித்தார். அவர்தான் தோட்டத்து வேனில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பதுளை வரை வந்தார்.

போனில் செய்தி கேட்டு, அவர்களுக்கு முன்னால் நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு இளம் டொக்டர் என்னிடம் கேட்டார்: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? என்ன குளிசை போடுகிறார்? போனில் வைத்திருந்த அந்தத் தாளின் படத்தைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் ஒரு பெருமை இருந்தது. மற்ற நோயாளிகளின் ஆட்கள் பைகளைக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மட்டும் தெளிவான தாள். மேலிருந்து கீழே வாசித்தேன். ஐந்து வரி.

“வாஃபரின்?” என்றார் டொக்டர்.

“இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மறுபடி மேலிருந்து வாசித்தேன். வலது மூலையில் B என்றிருந்தது.

எத்தனை நாள் என்று விரலை மடக்கினேன். பதினான்கு.

அவரிடம் உடனே சொன்னேன். மறைக்க நேரம் இருக்கவில்லை என்பதுதான் சரி. அவர் என்னைத் திட்டவில்லை. ரத்தப் பரிசோதனை அவசரம் என்று யாரிடமோ சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை, கட்டிதான் அடைத்திருக்கிறது, அதைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கப் போகிறோம் என்றார். “வாஃபரின் உடம்பில் சரியான அளவில் இருந்திருந்தால் இந்த மருந்தைக் கொடுத்திருக்க முடியாது” என்றும் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அது உடம்பில் இருந்திருந்தால் நாங்கள் அங்கே வந்தே இருக்கமாட்டோம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாட்டில் பதினோரு நாள். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் கால் அசைந்தது. நாலாம் நாள் பேச்சு வந்தது, ஆனால் சொற்கள் இடம் மாறியிருந்தன. கரண்டியைக் காட்டினால் குடை என்பாள். தவறு என்று அவளுக்கே தெரியும், கண் கலங்கும். அப்பா தினமும் காலை பஸ்ஸில் கஞ்சியோடு வந்தார். அவருக்குத் தலை பின்னத் தெரியாது. ஆனாலும் அம்மாவின் தலையை வாரி, மூன்று பிரிவாக எடுத்து, கயிறு திரிப்பது போல் முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டார். அடுத்த கட்டிலில் ஹாலிஎலப் பக்கத்து அக்கா ஒருவர், கால் வீங்கிப் படுத்திருந்தவர், அதைப் பார்த்து, “அண்ணே, அது பொம்பள முடியா, மாட்டு வாலா?” என்றார். அம்மாவின் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

இந்த அக்காவிடம்தான் பல் பிடுங்கிய கதையும் முதலில் வந்து சேர்ந்தது. பார்க்க வந்த எங்கள் லயத்துப் பெண்கள் எல்லோரும் அவர் கட்டிலருகே நின்றுதான் பேசினார்கள். பல் நரம்பு மூளை நரம்போடு சேர்ந்தது, அந்த டொக்டர் சின்னப் பெண், கை பழகவில்லை, நரம்பை வெட்டிவிட்டாள் என்று. அக்கா கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “பல்லு புடுங்கி பாரிசவாதமா? நான் பதினாறு பல்லு புடுங்கியிருக்கேன் புள்ள. புருஷந்தான் ஓடிப்போனான், வேற ஒண்ணும் ஆகல.” சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். அப்பாவிடமே சொல்லவில்லை. “நீ இல்லாட்டி அவள யாரு பாத்திருப்பா” என்று அவர் வாட்டில் எல்லோர் முன்னாலும் சொல்வார். நான் கஞ்சிக் கோப்பையைக் கழுவ எழுந்துபோவேன்.

எட்டாம் நாள் பார்வை நேரத்தில் ராமர் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், எங்கள் டிவிஷனில் சங்கத் தலைவர். கையில் ஒரு கொப்பி. அதில் நாற்பதுக்கு மேல் கையெழுத்து, பாதி பெருவிரல் அடையாளம்.

“அந்தப் பல்லு டொக்டரு மேல பெட்டிசம் போடப்போறோம். அவள இங்கருந்து தூக்காம விடமாட்டேன். நீதான் படிச்ச புள்ள. என்னைக்கு போனீங்க, என்னைக்கு புடுங்குனா, என்னைக்கு வருத்தம் வந்துச்சு, தேதி வாரியா லிஸ்ட்டு போட்டு எழுது. சிங்களத்துலயும் எழுது.”

கொப்பியை வாங்கிக்கொண்டேன். அன்று போர்டிங்கில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். தேதி வாரியாக எழுதச் சொன்னதால், விட்டுவிட வழியில்லாமல் போயிற்று. முதல் செவ்வாய்க்கும் இரண்டாம் செவ்வாய்க்கும் நடுவில் அந்த வியாழக்கிழமை வந்தது. அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போனால் ஐஎன்ஆர் ஏன் இறங்கியது என்பதற்குப் பதிலில்லை. எழுதினேன். மிஸ் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் எழுதினேன். முடித்துப் பார்த்தபோது பெட்டிசம் என் மேல்தான் இருந்தது.

மறுநாள் மாமா, அப்பா, அம்மா மூன்று பேர் முன்னாலும் வாசித்தேன். குரலை உயர்த்தவில்லை. ஹாலிஎல அக்கா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமாதான் முதலில் பேசினார், மெதுவாக. “சரி. பெட்டிசம் போடல. ஆனா நீயும் இத வெளிய சொல்லாத புள்ள. ஒனக்குக் கல்யாணம் காட்சி இருக்கு. அவ கவர்மெண்டு டொக்டரு, நாலு பேரு பேசுனா அவளுக்கு ஒண்ணும் கொறஞ்சிராது.”

அப்பா எழுந்து நடைபாதைக்குப் போனார். ஆறு நாள் என்னோடு பேசவில்லை. ஏழாம் நாள், “சாப்டியா?” என்றார்.

அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

“நீலம்… இல்லேன்னு… எனக்குத் தெரியும். போன் போட நெனச்சேன். வேலயில இருப்ப… ஏசுவியோன்னு… விட்டுட்டேன்.”

அவள் என்னை மன்னிக்க அதைச் சொல்லவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. தன் பக்கத் தவறைச் சொன்னாள். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் தன் குளிசையைத் தானே போட்டுக்கொண்டவளை, கேட்கப் பயப்படும் ஆளாக நான் மாற்றியிருந்தேன். இந்த எட்டு மாதத்தில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

அம்மா வீட்டுக்கு வந்து இரண்டாவது கிழமை நான் தனியாகப் பல் கிளினிக்குக்குப் போனேன். வழக்கமாக நெரியும் பெஞ்சில் மூன்று பேர். எங்கள் தோட்டத்திலிருந்து யாரும் வருவதில்லை என்று துப்புரவு செய்யும் பெண் சொன்னார். மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

“அன்றைக்கு உங்களிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா?”

“இருக்கிறது மிஸ்.”

“நீங்கள் இல்லை என்று சொன்னதால், இரவில் படுத்துக்கொண்டு ஊசியின் அளவைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். உங்கள் அம்மாவுக்கு வருத்தம் வந்தது தெரிந்த நாளிலிருந்து. என்ன பிழை விட்டேன் என்று.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ராமர் மாமா வேண்டாமென்று சொல்லியும், ஒரு காலை பெரட்டில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். பல் பிடுங்கியதில் பிழையில்லை, குளிசையை நிறுத்தியது நான், மறந்ததும் நான். புஷ்பம் அக்கா வந்து கையைப் பிடித்து, “அழுவாத புள்ள” என்றார். நான் அழவில்லை. கலைந்து போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “படிச்சவளுங்க படிச்சவள விட்டுக்குடுப்பாளுங்களா?” இன்னொரு குரல், “தாயவிட டொக்டரு பெருசாப் போச்சு.” கையெழுத்துப் போட்ட நாற்பது பேரில் ஆறேழு பேர் நம்பியிருக்கலாம். பிறகும் வீங்கிய கன்னத்தோடு மலை ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பல் கிளினிக் என்றால், “செல்வராணிக்கு வந்தது போதாதா?” என்கிறார்கள்.

ஆகவே எழுதுகிறேன். உங்கள் இதய வருத்தத்தையும் போடும் எல்லாக் குளிசைகளையும் பல் டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையே கொண்டுபோங்கள், என்னைப்போல் அழகான தாள் தயாரிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கும் குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் அதை நிறுத்தாமலே பல் பிடுங்குவார்கள். அளவை மாற்ற வேண்டுமென்றால் அதை இதயக் கிளினிக்கும் பல் டொக்டரும் பேசி முடிவு செய்வார்கள். ஏதாவது நிறுத்தப்பட்டிருந்தால், என்றைக்கு மறுபடி தொடங்க வேண்டும் என்பதைக் குளிசை போடுபவரின் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். எண் கூடியிருந்தால் ஒரு கிழமை காத்திருங்கள். ஒரு கிழமைதான்.

போன மாதம் அம்மாவுக்கு மேல் வரிசையில் இன்னொரு பல் ஆடியது. நிறுத்தாமல், குறைக்காமல், ஐஎன்ஆர் இரண்டு தசம் ஆறு. பல் டொக்டர் மிஸ் கொப்பியை அம்மாவின் கையிலிருந்தே வாங்கினார். தனக்குத் தெரிந்த தமிழில் அவளிடம் கேட்டார்.

“அம்மா, நேத்து ராத்திரி குளிசை போட்டதா?”

“போட்டேன் மிஸ். முந்தாநேத்தும் போட்டேன். அதுக்கு முந்தியும்… போட்டேன்.”

மிஸ் சிரித்தார். வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைத் திருப்பினார். பிறகு ஏதோ நினைத்தவர் போல் போனை எடுத்து இதயக் கிளினிக்கைக் கூப்பிட்டார். அம்மாவின் பெயரையும் கொப்பி இலக்கத்தையும் சொல்லி, அந்த எண் சரிதானா, மருந்து ஏதாவது நிறுத்தப்பட்டதா என்று விசாரித்தார். நான் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தேன். என்னிடம் கேட்கவில்லை.

“வாய மூடிக்கவா மிஸ்?” என்றாள் அம்மா. “ஈ… போயிரும்.”

மிஸ் அவள் தோளில் தட்டினார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே. அவர் செய்தது சரி. நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.